துப்பும் துடக்கும்: நவஹோ நிலத்துத் துப்பறியும் கதைகள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் நவஹோ என்ற பழங்குடி மக்கள் நடுவே நடக்கும் துப்பறியும் நாவல்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியானது. டோனி ஹில்லர்மன் 1970 முதல் 2006 வரை எழுதிய பதினெட்டு நாவல்கள், அவற்றில் வரும் ஜோ லீப்ஹோர்ன், ஜிம் சீ என்ற இரு நவஹோ பொலிஸ்காரர், 2013 முதல் மகள் ஆன் ஹில்லர்மன் எழுதிவரும் தொடர்ச்சி. அந்தக் குறிப்பில் இவ்வளவுதான் இருந்தது. வந்த கடிதங்களோ குறிப்பைவிட நீளம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம். கொலையாளி யார் என்பதை எங்கும் சொல்லவில்லை, பயப்படாமல் வாசிக்கலாம்.

பதினெட்டையும் வாசிக்க நேரமில்லை. எதில் தொடங்குவது? முதல் நாவலில் இருந்தா? (வாசகி, கொக்குவில்)

முதல் நாவல் வேண்டாம். 1970இல் வந்த ‘த பிளெஸ்ஸிங் வே’யில் லீப்ஹோர்ன் அரைப் பாத்திரம்தான். கதையைத் தோளில் சுமப்பவர் ஒரு வெள்ளைக்கார மானிடவியலாளர். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த முகவர், “திருத்துவதென்றால் இந்த இந்தியர் சமாசாரத்தை எல்லாம் எடுத்துவிடு” என்ற மாதிரி அறிவுரை சொன்னார். ஹில்லர்மன் கேட்கவில்லை. திருத்தும்போது லீப்ஹோர்னுக்கு இடத்தைக் கூட்டினார். கூட்டிய இடத்தில் தையல் தெரியத்தான் செய்கிறது.

1986இல் வந்த ‘ஸ்கின்வாக்கர்ஸ்’ஐ எடுங்கள். இருவரும் ஒன்றாக வரும் முதல் நாவல் அது. சீ படுத்திருக்கும் ட்ரெய்லர் வீட்டின் மெல்லிய சுவரைத் துளைத்துக்கொண்டு இரவில் துவக்குச் சூடு விழுவதில் கதை தொடங்கும். அடுத்தது 1988இன் ‘எ தீஃப் ஒஃப் டைம்’. இந்த இரண்டையும் முன்பின் மாற்றாதீர்கள். லீப்ஹோர்னின் மனைவி எம்மா முதலாவதில் நோயாளி, இரண்டாவதில் அவர் இல்லை. வேலையை விட்டு விலக எழுதிக் கொடுத்துவிட்டு விடுமுறையில் நிற்கும் மனிதர், காணாமற்போன ஒரு பெண் ஆய்வாளரைத் தேடப் புறப்படுவதன் கனம் அதற்கு முந்தியதை வாசித்தவருக்கே தெரியும்.

பிறகு பின்னோக்கிப் போகலாம். 1973இன் ‘டான்ஸ் ஹோல் ஒஃப் த டெட்’ துப்பறியும் எழுத்துக்கான எட்கார் விருது பெற்றது. பக்கத்து மக்களான ஸூனிகளின் ஊரில் நடக்கிறது. 1980இன் ‘பீப்பிள் ஒஃப் டார்க்னெஸ்’இல் சீ அறிமுகமாகிறார். 2000க்குப் பிறகு வந்தவை மெலிந்தவை. 2003இன் ‘த சினிஸ்டர் பிக்’கைத் தவறவிட்டாலும் நட்டமில்லை.

கொலை நடந்த கையோடு எப்.பி.ஐ. வந்து நிற்கிறது. அப்படியென்றால் நவஹோ பொலிஸ் எதற்கு? (வாசகர், சாவகச்சேரி)

இது ஹில்லர்மன் கற்பனை செய்ததல்ல, சட்டம். 1885ஆம் ஆண்டின் பெருங்குற்றச் சட்டப்படி, பழங்குடி நிலத்தில் பழங்குடி ஒருவர் செய்யும் கொலை, தீவைப்பு, கொள்ளை போன்ற குற்றங்கள் மத்திய அரசின் கைக்குப் போய்விடும். அதனால்தான் எப்.பி.ஐ. பழங்குடி நீதிமன்றம் விதிக்கக்கூடிய சிறைத்தண்டனைக்கு 1968ஆம் ஆண்டின் சட்டம் ஆறு மாதம் என்று எல்லை போட்டது. அது 1986இல் ஒரு வருடமாகி, 2010இல் சில நிபந்தனைகளோடு மூன்று வருடமாயிற்று. நாவல்கள் நடக்கும் காலத்துக்கு முதல் இரண்டு எண்களே பொருந்தும்.

1978இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் அடைத்தது: பழங்குடி அல்லாதவரைப் பழங்குடி நீதிமன்றம் குற்றவழக்கில் விசாரிக்க முடியாது. 2013இன் சட்டம் சில குற்றங்களுக்கு மட்டும் அதைத் தளர்த்தியது. வெள்ளைக்காரர் வெள்ளைக்காரரைக் கொன்றால் அது மாநிலத்தின் வழக்கு, நடந்த இடம் நவஹோ நிலமாக இருந்தாலும். இதற்கு மேலே நியூ மெக்சிக்கோப் பக்கத்தில் ‘சதுரங்கப் பலகை’ நிலம் என்று ஒன்று உண்டு. ஒரு துண்டு பழங்குடி நிலம், அடுத்த துண்டு தனியார் நிலம், அதற்கடுத்தது அரசுடையது. பிணம் கிடக்கும் இடத்தை நூறு மீற்றர் நகர்த்தினால் வழக்கே வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். ஆகவே ஒரு கொலையில் முதலில் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்: செத்தவர் யார் ஆள், செய்தவர் யார் ஆள், நிலம் யாருடையது. இந்த மூன்றும் தெரியாமல் இந்தக் கதைகளில் பாதிச் சண்டை விளங்காது.

நவஹோ பொலிஸ் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் பரப்பளவு. நவஹோ தேசம் அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூட்டா மூன்றிலும் சேர்ந்து ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையையும்விடப் பெரிது. யாழ்ப்பாண மாவட்டம் வெறும் 1,025. தலைநகரான விண்டோ ரொக்கில் இருந்து ஷிப்ரொக் பொலிஸ் நிலையத்துக்கு நூறு மைல் அளவு, யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்டால் நாங்கள் வவுனியாவைத் தாண்டிவிடும் தூரம். நகரத்தில் இருந்து வரும் எப்.பி.ஐ. அதிகாரிக்கு மொழி தெரியாது, பாதை தெரியாது, யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது. வழக்கு அவருடையது, அறிவு இவர்களுடையது. பதினெட்டு நாவல்களும் இந்த இடைவெளிக்குள்தான் ஓடுகின்றன.

சடங்கு, ஆவி, சூனியம் என்றெல்லாம் வருகிறது. இது துப்பறியும் கதையா, மாந்திரீகக் கதையா? (வாசகர், நல்லூர்)

எந்த நாவலிலும் மந்திரம் கொலை செய்வதில்லை, கொலையைக் கண்டுபிடிப்பதும் இல்லை. செய்வது பணம், பயம், பதவி ஆசை. ஆனால் ஆட்கள் தங்கள் வழக்கப்படி என்ன செய்வார்கள், எதை ஒருநாளும் செய்யமாட்டார்கள் என்பதைத் தெரிந்தவருக்கே தடயம் தடயமாகத் தெரியும். தெரியாதவருக்கு அது வெறும் காட்சி.

ஹோகன் என்ற வீட்டை எடுங்கள். மரமும் மண்ணும் கொண்டு கட்டிய ஒற்றை அறை, வாசல் கிழக்கு நோக்கி இருக்கும். உள்ளே ஒருவர் இறந்துவிட்டால், வடக்குச் சுவரை உடைத்து அந்த வழியால் உடலை வெளியே எடுப்பார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் குடியிருக்கமாட்டார்கள். இறந்தவரிடம் இருந்த பொல்லாத பகுதி, ‘சிண்டி’, அங்கேயே நின்றுவிடும் என்பது நம்பிக்கை. இப்போது கதைக்கு வாருங்கள். வடக்குச் சுவரில் ஓட்டை உள்ள ஹோகனுக்குள் யாரோ அண்மையில் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். எப்.பி.ஐ. அதிகாரி சாம்பலைப் பார்ப்பார். சீயோ ஓட்டையைப் பார்த்து, இங்கே படுத்தவன் நவஹோ இல்லை, அல்லது நவஹோவாக வளராதவன் என்று முடிவு கட்டுவார். மறுபக்கமாகவும் இது வேலை செய்யும்: பொருளை ஒளிக்க இதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

1984இன் ‘த கோஸ்ட்வே’யில் இது இன்னும் நுட்பம். ஒரு முதியவர் தன் உறவினனின் உடலை மரபுப்படி ஒழுங்கு செய்து அடக்கியிருக்கிறார். எல்லாம் சரி, தலைமயிர் மட்டும் யுக்கா என்ற செடியின் வேர் நுரையால் கழுவப்படவில்லை. முறை தெரிந்த கிழவர் அந்த ஒன்றை ஏன் விட்டார்? சீயை உறுத்துவது இதுதான், துவக்குக் காயம் அல்ல. எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செத்தவீட்டில் சுண்ணம் இடித்தாயிற்று, வாய்க்கரிசி போட்டாயிற்று, ஆனால் எண்ணெய் அரப்பு வைத்து முழுக்காட்டவில்லை என்றால், கிரியைக்கு வந்த எந்தக் கிழவியும் “ஏன்?” என்று கேட்டிருப்பாள்.

சடங்கின் பெயரும் துப்புத்தான். நோய் தீர்க்கும் சடங்குகள் பல வகை, ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்கு. ‘எதிரி வழி’ அந்நியரோடும் அவர்களின் சாவோடும் ஏற்பட்ட தொடர்பைக் கழுவுவது. அதனால் ஒருவருக்கு எந்தச் சடங்கு வைத்தார்கள் என்று கேட்டாலே, தனக்கு என்ன நடந்ததாக அவர் நினைக்கிறார் என்பது வெளியே வந்துவிடும். காலமும் முக்கியம். ஒன்பது இரவு நடக்கும் ‘இரவு வழி’ முதல் உறைபனி விழுந்து, பாம்புகள் புற்றுக்குள் அடங்கிய பிறகே நடக்கலாம். ஜூலையில் அதை நடத்திக் காட்டும் கதை எங்காவது கண்ணில் பட்டால், எழுதியவர் விசயம் தெரியாதவர் என்று புத்தகத்தை மூடிவிடலாம்.

நோக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறவினரைக் கவனியாமல் சொத்துச் சேர்ப்பவனை “சொந்தக்காரரே இல்லாதவன் போல நடக்கிறான்” என்று சொல்லும் சமூகம் அது. அங்கே பணத்துக்காகவோ பழிக்காகவோ திட்டமிட்டு ஒரு கொலை நடந்தால், அந்த நோக்கமே லீப்ஹோர்னுக்கு இயல்புக்கு மாறாகப் படும். தற்செயல் என்பதை அவர் நம்புவதில்லை. அலுவலகச் சுவரில் மோட்டார்காரர் சங்கம் வெளியிட்ட நிலப்படம் ஒன்று, அதில் வழக்குக்கு வழக்கு வேறு நிற ஊசிகள். ஊசிகள் ஓரிடத்தில் கூடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

அரிசோனாவில் நடக்கும் ஒரு கதையில் இருவர் சொல்லும் நேரம் ஒரு மணித்தியாலம் ஒத்துவரவில்லை. அச்சுப் பிழையா? (மாணவி, பருத்தித்துறை)

பிழையாக இருக்கவேண்டியதில்லை. கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளும் வழக்கம் அரிசோனாவில் இல்லை, நவஹோ தேசத்தில் உண்டு. நவஹோ தேசத்தால் சூழப்பட்ட ஹோப்பி மக்களின் நிலத்தில் மறுபடி இல்லை. ஒரே நேர்ப் பாதையில் காரில் போனால் மணிக்கூட்டை மூன்று தடவை மாற்றவேண்டி வரும். ‘நான் அந்த நேரம் வேறிடத்தில் நின்றேன்’ என்ற சாட்சியத்தை உடைக்க இதைவிட மலிவான ஆயுதம் கிடையாது. ஆனால் குளிர்காலக் கதையில் பயன்படுத்தாதீர்கள், அப்போது எல்லா மணிக்கூடும் ஒன்றுதான்.

செத்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது என்கிறார்கள். பெயர் சொல்லாமல் எப்படி விசாரணை நடத்துவது? (வாசகர், மானிப்பாய்)

பெயரைச் சொன்னால் சிண்டியை அழைத்ததாகும் என்பதால் மரபுக்காரர் தவிர்ப்பார்கள், குறிப்பாக இறந்த பிறகான நாலு நாட்களில். அதனால் உறவு சொல்லிப் பேசுவார்கள்: “அவளுடைய தாயின் தமையன்”, “அந்த மேட்டில் இருந்த கிழவர்”. சீ இதைத் தெரிந்து கேட்பார். எப்.பி.ஐ. அதிகாரி பெயரை மூன்று தரம் உரத்துச் சொல்லிவிட்டு, சாட்சி ஏன் வாய் மூடிவிட்டார் என்று யோசிப்பார்.

கேட்கும் முறையும் ஒழுங்குப்படியானது. வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டுவதில்லை. வாகனத்தை முற்றத்துக்குத் தள்ளி நிறுத்தி, வீட்டுக்காரர் வெளியே வரும்வரை உள்ளேயே இருக்கவேண்டும். வரவில்லை என்றால் வர விருப்பமில்லை என்று பொருள். முதலில் குலம் சொல்லவேண்டும்: தாயின் குலம், தகப்பனின் குலம், பிறகு தாய்வழிப் பாட்டனுடையது, தகப்பன்வழிப் பாட்டனுடையது. இந்த நாலில் ஏதாவது ஒத்துப்போனால் பொலிஸ்காரர் திடீரென்று உறவுக்காரர் ஆகிவிடுவார். “தம்பி எவடம்? ஆற்றை பெடியன்?” என்று எங்கள் ஊர்ப் படலையடியில் கேட்பதன் நீண்ட வடிவம். முகத்துக்கு நேரே உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு. விரலால் சுட்டாமல் உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள். ஒருவர் பேசி நிறுத்தினால், முடித்துவிட்டாரா என்று காத்திருக்கவேண்டும். பதறிப்போய் அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டால், அவர் சொல்லவிருந்த மிச்சம் அவரோடேயே போய்விடும். இந்த மௌனங்களை வேகமாகத் தாண்டி வாசிப்பவர்களுக்குக் கதை இழுவை போலத் தோன்றும். அந்த இடங்களில்தான் செய்தி இருக்கிறது.

மணலில் தடம் பார்த்து இத்தனை விசயம் சொல்ல முடியுமா? கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிய மாதிரித் தெரிகிறது. (வாசகர், கிளிநொச்சி)

சொல்வதில் பெரும்பகுதி நடக்கக்கூடியதே. ஆள் யார் என்று தடம் சொல்லாது, வரிசையைச் சொல்லும். தடத்துக்குள் மழைத்துளிப் பொட்டுகள் இருந்தால் தடம் மழைக்கு முந்தியது. பொட்டு விழுந்த நிலத்தின் மேலே தடம் பதிந்திருந்தால் பிந்தியது. இரவில் திரியும் வண்டின் கோடு தடத்தைக் குறுக்கே வெட்டினால், அந்த ஆள் விடியமுன்பே போய்விட்டார். ஈரமண்ணில் பதிந்த தடத்தின் விளிம்பு கூராக நிற்கும், காயக் காய உதிரும். ஓடியவரின் தடத்தில் முன்பாதம் ஆழமாகக் கிண்டி, மண் பின்னே தெறித்திருக்கும். பாரம் சுமந்தவரின் எட்டு குறுகும். வாகனம் எந்தப் பக்கம் போனது என்று அறிய, அது தண்ணீர் தேங்கிய குழியைத் தாண்டிய இடத்தைப் பாருங்கள், ஈரம் இழுபட்டிருக்கும் பக்கம்தான் போன பக்கம்.

எழுதுபவர்கள் தவறுவது ஒரே இடத்தில்: காய்ந்த மணலில் சப்பாத்தின் அடிக்கோடு, ஆணி, கம்பனிப் பெயர் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம். காய்ந்த மணல் குழிவிழும், அவ்வளவுதான். மணற்காட்டிலோ வல்லிபுரத்திலோ நடந்து திரும்பிப் பாருங்கள். சோளகம் அடிக்கும் மாதமென்றால் திரும்பிப் பார்க்கும்போதே விளிம்பு போயிருக்கும். அதற்கு மாறாக எங்கள் செம்மண், முதல் மழைக்குப் பிறகு காய்ந்து இறுகினால், சைக்கிள் டயரின் பூவைக்கூட நாட்கணக்கில் வைத்திருக்கும்.

ஒரு அத்தியாயத்தைத் தமிழாக்கிப் பார்க்கிறேன். ஹொஸ்ரீன், ஹத்தாலி, அங்கிள், விச் என்று ஒவ்வொரு வரியிலும் தடக்குப்படுகிறது. (ஆசிரியை, உரும்பிராய்)

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. உறவுச் சொல்லில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் மூலத்துக்கு அருகில் நிற்கிறது. நவஹோ மொழியில் தாயின் சகோதரியை அழைக்கும் சொல்லின் நேர்ப்பொருள் ‘சின்னத் தாய்’. ஆங்கில நாவலில் அது ‘ஆன்ட்’ ஆகித் தேய்ந்துவிட்டது, நீங்கள் சின்னம்மா என்று எழுதினால் மூலம் உயிர்க்கும். சீக்குச் சடங்கு கற்றுக்கொடுக்கும் பிராங்க் சாம் நாக்காய் ‘அங்கிள்’ அல்ல, தாயின் சகோதரன். அம்மான் என்றே போடுங்கள். தாய்வழிச் சமூகத்தில் அம்மானுக்குள்ள உரிமை, கண்டிப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். சகோதரிகளின் பிள்ளைகள் அங்கேயும் சகோதரர்தான், ‘கசின்’ என்று வரும் இடங்களில் யாருடைய பிள்ளை என்று பார்த்து மாற்றுங்கள்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. மச்சான், மச்சாள் என்ற சொற்களைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். எங்களுக்கு அது கட்டிக்கொள்ளக்கூடிய முறை. அங்கே தாயின் குலத்திலும் தகப்பனின் குலத்திலும் கலியாணம் கூடாது. சீயும் அவர் விரும்பும் ஜனெற் பீற்றும் தங்கள் குலங்கள் தொடுகின்றனவா என்று கலங்கும் இடத்தில், ஒரு மச்சாள் புகுந்தால் முழுச் சிக்கலும் சிரிப்பாகிவிடும்.

ஹொஸ்ரீன் என்பது வயதுவந்த ஆணுக்கான மரியாதைச் சொல். பெயருக்குப் பின்னால் ‘ஐயா’ போதும்: பேகே ஐயா. ஹத்தாலி கடினம். நேர்ப்பொருள் பாடுபவர். ‘பாடகர்’ என்றால் கச்சேரி நினைவு வரும், ‘பூசாரி’ என்றால் கோயில் வரும், ‘மந்திரவாதி’ என்றால் கதையே கெட்டது. ஓதுவார் ஓசையில் கிட்ட வருகிறது, ஆனால் திருமுறையும் விபூதியும் கூடவே வந்துவிடும். மாதக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில் பாட்டும் மணல் ஓவியமும் மனப்பாடம் செய்து, ஒரு எழுத்துப் பிசகினாலும் சடங்கு பலிக்காது என்று பயப்படும் ஆள் அவர். ஹத்தாலி என்றே விட்டு, முதல் தடவை மட்டும் ‘நோய் தீர்க்கப் பாடும் ஹத்தாலி’ என்று எழுதுங்கள்.

‘விச்’சுக்கு சூனியக்காரர் சரி. மோகினி, முனி பக்கம் போகவேண்டாம். அவை ஆவிகள், இவர் உயிருள்ள மனிதர், பகலில் உங்களோடு கடையில் வரிசையில் நிற்பவர். விலங்குருவில் திரியும் சூனியக்காரர்தான் ‘ஸ்கின்வாக்கர்’. அதற்கான நவஹோச் சொல்லுக்கு, அதைக்கொண்டு நாலுகாலில் போகிறவன் என்ற மாதிரிப் பொருள். தோல் போர்த்தியவன் என்பதைவிட ‘நாலுகாலி’ என்று எழுதிப் பாருங்கள், கூடுதலாகப் பயம் காட்டும். மழைக்கும் அவர்களிடம் ஆண், பெண் உண்டு. இடியோடு அடித்துக் கொட்டுவது ஆண் மழை, மெல்லச் சிணுங்குவது பெண் மழை. இதை விளக்க அடிக்குறிப்பு வேண்டாம், அப்படியே எழுதுங்கள், வாசகர் பிடித்துக்கொள்வார்.

ஹில்லர்மன் நவஹோ அல்ல, வெள்ளைக்காரர். வெளியாள் எழுதியதை இவ்வளவு கொண்டாடலாமா? தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தால் போதாதா? (வாசகர், காரைநகர்)

வெளியாள்தான். 1925இல் ஒக்லஹோமாவில் பிறந்து, பழங்குடிச் சிறுமிகளுக்கான கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர், பத்திரிகையாளர், பிறகு நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் கற்பித்தவர். 2008இல் இறந்தார். நவஹோ அரசு 1987இல் அவரைத் தங்கள் மக்களின் நண்பர் என்று கௌரவித்தது. அதே நேரம், புனிதமான சடங்கையும், வெளியே பேச விரும்பாத நாலுகாலி விசயத்தையும் கடைப் புத்தகத்தில் போட்டுவிட்டார் என்ற மனக்குறையும் அந்த மக்களிடையே உண்டு. இரண்டும் உண்மை, ஒன்றால் மற்றதை அழிக்க முடியாது. எங்கள் கருத்து: அவரை வாசியுங்கள், அவரோடு நிறுத்தாதீர்கள். நவஹோவான ரமோனா எமர்சன் 2022இல் எழுதிய ‘ஷட்டர்’ நாவலில், பொலிசுக்காகப் பிணங்களைப் படம்பிடிக்கும் ஒரு நவஹோப் பெண்ணுக்கு இறந்தவர்கள் தெரிகிறார்கள். இறந்தவரைத் தீண்டக்கூடாத மரபில் வளர்ந்தவளுக்கு அந்த வேலை என்றால், உள்ளே இருந்து எழுதுவதன் வேறுபாடு முதல் அத்தியாயத்திலேயே விளங்கும்.

2022இல் தொடங்கிய ‘டார்க் விண்ட்ஸ்’ தொடர் நன்றாகத்தான் இருக்கிறது, லீப்ஹோர்னாக நடிக்கும் ஸான் மக்ளார்னனின் முகம் ஒன்றே போதும். ஆனால் அது 1970களில் நடக்கிறது. சீ அதில் எப்.பி.ஐ. ஆளாக வந்து இறங்குகிறார், நாவலில் அவர் தொடக்கம் முதல் நவஹோ பொலிஸ். நாவலில் லீப்ஹோர்னுக்குப் பிள்ளைகள் இல்லை, தொடரில் இழந்துபோன மகனே கதையின் காயம். தொடரைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதினால் பிடிபட்டுப் போவீர்கள்.

இதே முறையில் யாழ்ப்பாணத்தில் ஒரு கதை எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்? (வாசகர், கோப்பாய்)

கொலையில் தொடங்காதீர்கள். ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த, வெளியாளுக்குத் தெரியாத ஒரு வழக்கத்தில் தொடங்குங்கள்.

உதாரணத்துக்குப் பனை. சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரம் ஏறுவார். ஒவ்வொரு தரமும் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவினால்தான் வடியும், சீவாவிட்டால் வெட்டுமுகம் காய்ந்து நின்றுவிடும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, கருப்பநீர். பூசாவிட்டால் கள்ளு. “நேற்றுப் பின்னேரம் நான் மரத்தில் நின்றேன், அவரைக் காணவில்லை” என்று ஒருவர் வாக்குமூலம் கொடுக்கிறார். மறுநாட்காலை மேலே ஏறிப் பார்த்தால் முட்டி கால்வாசிதான், பாளையின் முகம் காய்ந்திருக்கிறது. மரத்தடியில், ஏறும்போது காலில் மாட்டும் தளநார் கிடப்பதை மட்டும் பார்த்த விசாரணை அதிகாரி அவர் ஏறினார் என்று எழுதிவிடுவார்.

அல்லது துடக்கு, சாவு நடந்தால் உறவினருக்கு வரும் தீட்டு. ஒருவர் சொல்கிறார்: தம்பியாரின் சாவு மத்தியானம்தான் தெரியும். ஆனால் காலைப் பூசைக்கு வந்தவர், ஒவ்வொரு நாளும் உள்ளே போய்க் கும்பிடுகிறவர், அன்று வெளிவீதியில் தேர்முட்டியடியில் நின்று கும்பிட்டுவிட்டு, விபூதி வாங்காமல் போய்விட்டார். ஏன் என்பதை ஐயரும் பூக்காரியும் அறிவார்கள். பொலிஸ் அறிக்கையில் அவர் ‘கோயிலில் இருந்தார்’ என்று இருக்கும், அவரைக் காப்பாற்றும் சாட்சியமாக.

இதை அப்படியே எழுதினால் ஓட்டை விழும். உள்ளே போகாததற்கு வேறு காரணம் இருக்கலாம்: முதல்நாள் மச்சம் சாப்பிட்டிருக்கலாம், வீட்டில் வேறு துடக்கு இருக்கலாம். அந்தக் கதவுகளை முதலிலேயே அடையுங்கள். கதையைக் கந்தசஷ்டி ஆறு நாளுக்குள் வைத்தால் அவர் விரதம், மச்சக் கேள்வி இல்லை. இறந்தவர் அவருக்குத் துடக்குக் காக்கும் உறவாக இருக்கவேண்டும், அதனால் கூடப்பிறந்த தம்பி, சிநேகிதன் அல்ல. துடக்கு பொதுவாக 31ஆம் நாள் அந்தியேட்டி வரை என்றாலும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும், நீங்கள் எழுதும் குடும்பத்தின் வழக்கத்தை ஒருவரிடம் கேட்டு நிச்சயப்படுத்துங்கள். சாவில் சந்தேகம் இருந்தால் நீதவான் வருவார், சட்ட வைத்திய அதிகாரி உடலைப் பார்ப்பார், அதுவரை உடல் வீட்டுக்கு வராது. செத்தவீட்டுக் காட்சியை அவசரப்பட்டு இரண்டாம் அத்தியாயத்தில் வைத்துவிடாதீர்கள்.

விதியை வாசகருக்கு முன்கூட்டியே காட்டிவிடவேண்டும், ஆனால் விதி என்று தெரியாத மாதிரி. முப்பது பக்கம் முந்தி, கொலையோடு சம்பந்தமில்லாத ஒரு பக்கத்து வீட்டுப் பெண் திருவிழாவுக்கு வந்து, “எங்களுக்கு இன்னும் அந்தியேட்டி முடியேல்லைப் பிள்ளை, நீ போய்க் கும்பிட்டிட்டு வா” என்று தேர்முட்டியடியில் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கட்டும்.